முறுக்கு அச்சும் தொண்ணூத்தி நாலு டன்னும்

முறுக்கு பிழியறப்போ கை வலிச்சிருக்கா உங்களுக்கு? எனக்கு வலிச்சிருக்கு. தீபாவளிக்கு முந்தின வாரம் எங்க வீட்டுல அச்சை என் கையில கொடுத்துட்டு எல்லாரும் நைசா நழுவிடுவாங்க. தேன்குழல் வில்லைன்னா பரவாயில்லை, சமாளிச்சுடலாம். ஓமப்பொடி வில்லையைப் போட்டா முடிஞ்சுது கதை. ஓட்டை சின்னதாக ஆக அமுக்குற வலு கூடுது. மாவு கெட்டியா இருந்தா இன்னும் கூடுது. உழக்குக்குள்ள எண்ணெய் தடவ மறந்துட்டா அதுக்கும் மேல. இந்த மூணும் எந்த அம்மாவுக்கும் கணக்கு போடாமலே தெரியும்.

இப்போ அந்த மாவுக்குப் பதிலா இரும்பைப் போடுங்க. காய்ச்சாத இரும்பு. அதை ஒரு எஃகு அச்சு வழியா பிழியணும். எவ்வளவு அமுக்கணும்? இந்தக் கேள்விக்கு பதில் கண்டுபிடிக்க ஐரோப்பாவுல கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆச்சு. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். பெரம்பலூர்க்காரனுக்கு இதுல என்ன வேலைன்னு கேக்குறவங்க கொஞ்சம் பொறுங்க, வர்றேன் :-)

உலோகத்தை அச்சு வழியா தள்ளி நீட்டுறதுக்கு எக்ஸ்ட்ரூஷன்னு பேரு. தமிழ்ல பிதுக்கல்னு வெச்சுக்கலாம். சூடாக்காம செய்தா கோல்டு எக்ஸ்ட்ரூஷன், அதாவது குளிர்பிதுக்கல். 1797-ல் ஜோசப் பிராமாங்குற இங்கிலாந்துக்காரர் ஈயக் குழாய் செய்ய இந்த யோசனையைக் காப்புரிமை பண்ணினார் (ஹைட்ராலிக் பிரஸ்ஸைக் கண்டுபிடிச்ச அதே ஆளுதான்). 1820-ல் தாமஸ் பர், ஹைட்ராலிக் பிரஸ்ஸாலேயே ஈயக் குழாயைப் பிழிஞ்சு காட்டினார். இவங்க யாருக்கும் கணக்கு தேவைப்படலை. ஈயம் பாவம், சொன்ன பேச்சு கேக்குற உலோகம். போதலைன்னா இன்னும் கொஞ்சம் அமுக்கினா வந்துடும்.

கணக்கு ஆரம்பிச்சது பாரிஸ்ல. ஹென்றி திரெஸ்கா, அங்கே கன்செர்வத்வார் அப்படிங்குற தொழிற்கலை நிறுவனத்துல வேலை பார்த்தவர். அவர் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணு. ஈயத் தகடுகளை வட்டமா வெட்டி, தோசை அடுக்குற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா ஒரு உருளைக்குள்ள அடுக்கினார். அடியில ஒரு ஓட்டை. மேலேருந்து பிரஸ்ஸால் அமுக்கினார். ஓட்டை வழியா வெளிவந்த ஈயக் கம்பியை நீளவாக்குல ரெண்டா அறுத்துப் பார்த்தார். அடுக்கு கலையாம அப்படியே இருந்துச்சு! ஒவ்வொரு தகடும் விரல் உறை மாதிரி இழுபட்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணா, வரிவரியாத் தெரிஞ்சுது. திடப்பொருள் தண்ணி மாதிரி 'பாயுது' அப்படின்னு 1864-ல் பிரெஞ்சு அறிவியல் அகாதமிக்கு எழுதினார். ஒரு உலோகத்துக்குள்ள வர்ற வெட்டுத் தகைவு ஒரு எல்லையைத் தொட்டதும் அது பாய ஆரம்பிச்சுடும்ங்குறதுதான் அவர் சொன்ன விதி. இன்னிக்கும் மெக்கானிக்கல் படிக்கிற பசங்க 'ட்ரெஸ்கா'ன்னு மனப்பாடம் பண்றது இவரைத்தான். ஈபிள் கோபுரத்துல பொறிச்ச 72 பேர்ல இவரும் ஒருத்தர்.

இந்த இடத்துல நம்ம ஊரு ஆசாரி ஒருத்தரைக் கூப்பிட்டுக்கலாம். தங்க வேலை செய்யற ஆசாரிகிட்ட கம்பியச்சு இருக்கும். எஃகுத் தகட்டுல பெருசுலேருந்து சிறுசு வரைக்கும் வரிசையா ஓட்டை. கம்பி முனையைச் சீவி ஓட்டையில நுழைச்சு, குறடால பிடிச்சு இழுப்பார். ரெண்டு மூணு ஓட்டை தாண்டினதும் கம்பி விறைச்சுப் போகும். நெருப்புல காட்டி இளக்கிட்டு மறுபடி இழுப்பார். ஏன் ஒரே இழுப்புல பெரிய ஓட்டையிலேருந்து சின்ன ஓட்டைக்குத் தாவக்கூடாது? கம்பி அறுந்துடும். கணக்குப்படி உராய்வே இல்லாத, விறைக்காத கம்பியா இருந்தாக்கூட, ஒரே இழுப்புல குறுக்குப் பரப்பை 63 சதவீதத்துக்கு மேல குறைக்க முடியாது. நிஜத்துல அதுல பாதியே அதிகம்.

இழுக்காம தள்ளினா? தள்ளுறப்போ கம்பி அறுந்து போற பேச்சே இல்லை. எவ்வளவு வேணும்னாலும் குறைக்கலாம். ஆனா அந்த வலு முழுக்கப் பஞ்ச் மேலயும் டை மேலயும் வந்து விழும். இழுப்புல உடையறது சரக்கு, தள்ளுறதுல உடையறது கருவி. அதனாலதான் தள்ளுறவனுக்கு முன்கூட்டியே கணக்கு வேணும். ஆசாரிக்குக் கம்பி அறுந்தா உருக்கிக்கலாம். பிரஸ்ல பஞ்ச் உடைஞ்சா என்ன ஆகும்னு பின்னாடி சொல்றேன்.

திரெஸ்காவுக்குப் பிறகு கதை கணித மேதைகள் கைக்குப் போயிடுச்சு. அதுல ஒரு கிளைக்கதை, தமிழ்ல தொழில்நுட்பம் எழுதுற நம்மள மாதிரி ஆளுங்க தெரிஞ்சுக்க வேண்டியது. 1904-ல் ஹூபர்னு ஒரு போலந்துக்காரர், லெவோவ் ஊர்ல (இன்னிக்கு உக்ரைன்ல இருக்குற லிவிவ்) ஒரு தொழில்நுட்பப் பத்திரிகையில திரெஸ்காவோடதைவிடச் சரியான ஒரு விதியை எழுதினார். எழுதினது போலிஷ் மொழியில. வெளியில ஒருத்தரும் கண்டுக்கலை. 1913-ல் ஃபொன் மீசஸ் அதே விதியை ஜெர்மன்ல எழுதினார். உலகம் பூரா மீசஸ் விதின்னு ஆயிடுச்சு. ஹூபருக்கு மரியாதை வர இருபது வருஷம் பிடிச்சுது. 1931-ல் டெய்லரும் குவின்னியும் செம்பு, அலுமினியம், எஃகுக் குழாய்களை இழுத்தும் முறுக்கியும் சோதிச்சுப் பார்த்தாங்க. மீசஸ் விதிதான் (அதாவது ஹூபர் விதிதான்!) நெருங்கி வருதுன்னு தெரிஞ்சுது. ரெண்டு விதிக்கும் அதிகபட்ச வித்தியாசம் சுமார் 15 சதவீதம்தான். தாய்மொழியில எழுதினதால ஹூபர் நஷ்டப்பட்டார்னு சிலர் சொல்லுவாங்க. எனக்கு அப்படித் தோணலை. படிக்காதவங்களுக்குத்தான் ஒன்பது வருஷம் நஷ்டம்.

சரி, விதி கிடைச்சாச்சு. இதை வெச்சு அழுத்தம் எவ்வளவுன்னு எப்படிச் சொல்றது? சுலபமான வழி ஒண்ணு உண்டு. உலோகத்தோட பாய்வு வலிமையை எடுத்துக்கோங்க. உள்ளே போற குறுக்குப் பரப்பை வெளிய வர்ற குறுக்குப் பரப்பால வகுத்து, அந்த விகிதத்துக்கு இயல் மடக்கை எடுங்க. ரெண்டையும் பெருக்கினா அழுத்தம். அழகான கணக்கு. ஆனா நிஜத்துல அளந்தா எப்பவும் இதைவிட ரொம்ப அதிகமா வரும். ஏன்னா இந்தக் கணக்குல ரெண்டு திருட்டுச் செலவு சேரலை. ஒண்ணு உராய்வு. இன்னொண்ணு வீண் வேலை. ஓரமா இருக்குற உலோகம் அச்சு வாய்கிட்ட வந்ததும் உள்பக்கமா வளையணும், வெளிய போறப்போ திரும்ப நிமிரணும். இந்த வளைஞ்சு நிமிர்றதால பொருளோட வடிவத்துல ஒரு லாபமும் இல்லை, ஆனா அதுக்கும் சேர்த்து நாமதான் அமுக்கணும். முறுக்கு உழக்கு அடியில மூலையில கொஞ்சம் மாவு நகராமலே ஒட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, உலோகத்துலயும் அதே மாதிரி செத்த மூலை ஒண்ணு உண்டு.

இந்த வீண் வேலையைக் கணக்குல பிடிக்க பிராண்டில், ஹென்கி எல்லாம் 1920கள்ல வழி போட்டாங்க. 1940கள் கடைசியில ராட்னி ஹில் அதைப் பிதுக்கலுக்குப் பொருத்தினார். 1950-ல் உலோக நெகிழ்வு பத்தி அவர் எழுதின கணிதப் புத்தகம் வந்தப்போ அவருக்கு முப்பது வயசுகூட ஆகலை. நான் அதைத் திறந்து ஏழாவது பக்கத்துலயே மூடி வெச்ச கூட்டம், அதனால அதிகம் பேசலை :-)

பேப்பர்ல இதெல்லாம் நடக்குறப்போ பட்டறையில நடந்தது வேற. அலுமினியம், ஈயம், தகரம் மாதிரி இளகின உலோகங்களை அதுக்கு முன்னாடியே குளிர்பிதுக்கல் பண்ணிட்டு இருந்தாங்க. பழைய ஆயின்மென்ட் ட்யூப் அப்படி வந்ததுதான். காசு மாதிரி ஒரு வில்லையை டைக்குள்ள வெச்சு பஞ்சால ஒரே அடி. உலோகம் பஞ்சைச் சுத்தி சட்டுனு மேல ஏறி ட்யூப்பா நிக்கும். எஃகை அப்படிப் பண்ண முடியலை. அழுத்தத்துல எண்ணெய்ப் படலம் கிழிஞ்சு, எஃகும் எஃகும் ஒட்டிப் பிடிச்சுக்கும். 1930கள்ல ஜெர்மன்காரங்க வழி கண்டுபிடிச்சாங்க. எஃகு மேல துத்தநாக பாஸ்பேட் பூச்சு ஏத்தி, அதுக்கு மேல சோப்புக் கரைசல்ல முக்கினா, சோப்பு பாஸ்பேட்டோட வினை செஞ்சு பிரியாத வழுக்குப் படலமா ஆயிடும். ஆமா, சோப்புதான்! இரண்டாம் உலகப்போர்ல பித்தளைக்குப் பஞ்சம் வந்ததும் தோட்டா உறைகளை எஃகிலேயே செய்ய வேண்டிய நிலைமை, இந்த வித்தை அதுக்குப் பயன்பட்டுச்சு. போர் முடிஞ்சதும் நேச நாடுகள் ஜெர்மன் தொழிற்சாலைகளைத் துழாவி அறிக்கை மேல அறிக்கையா எழுதி எடுத்துக்கிட்டுப் போனாங்க. கொஞ்ச வருஷத்துல அதே வித்தை கார் பாகங்களுக்கு வந்துடுச்சு. குண்டுக்குப் பிறந்து காருக்கு வாக்கப்பட்ட தொழில் இது.

இப்போ தொழிற்சாலைக்காரனுக்கு அவசரமா ஒரு பதில் வேணும். ஹில்லோட கணிதத்தை எடுத்துக்கிட்டு பிரஸ் முன்னாடி உக்கார முடியாது. அங்கேதான் வில்லியம் ஜான்சன் வர்றார், மான்செஸ்டர்க்காரர். 1950கள் நடுவுல, நல்லா வழுக்குப் பூசின கம்பிகளை நேர்முக டை வழியா மெதுவா பிதுக்கி, அளந்த அழுத்தத்தையெல்லாம் வரைபடத்துல போட்டுப் பார்த்தார். புள்ளிகள் ஏறக்குறைய ஒரு நேர்கோட்டுல உக்கார்ந்துச்சு. பாய்வு வலிமையை (0.8 + 1.5 × பரப்பு விகிதத்தோட இயல் மடக்கை) ஆல பெருக்குங்க, அழுத்தம் வந்துடும். அவ்வளவுதான். 0.8-ங்குறது அந்த வீண் வேலைக்குக் கட்டுற நிலையான கப்பம் மாதிரி. 1962-ல் ஜான்சனும் ஜப்பானோட குடோவும் சேர்ந்து பிதுக்கல் இயக்கவியலுக்கே ஒரு புத்தகம் போட்டாங்க.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்துடலாம். 30 மில்லிமீட்டர் விட்டம் இருக்குற கார்பன் குறைவான எஃகுத் துண்டை 19 மில்லிமீட்டரா பிதுக்கணும். பரப்பு விகிதம் 2.5, மடக்கை 0.916. எஃகு விறைக்கிறதையும் சேர்த்து சராசரி பாய்வு வலிமை 600 மெகாபாஸ்கல்னு வெச்சுக்கோங்க. சுலபக் கணக்கு 550-னு சொல்லும். ஜான்சன் கணக்கு 1,300-னு சொல்லும். ரெண்டு மடங்குக்கும் மேல! 1,300 மெகாபாஸ்கல்னா அந்த 30 மில்லிமீட்டர் வட்டத்து மேல சுமார் 94 டன். அரியலூர் ரோட்டுல சிமெண்ட் லாரி பார்த்திருப்பீங்களே, முழு லோடோட அதுல மூணை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, பழைய ரெண்டு ரூபாய் காசைவிடக் கொஞ்சம் பெரிய இடத்துல நிக்க வெச்ச மாதிரி. நல்ல கருவி எஃகுல செய்த பஞ்ச் சுமார் 2,000 மெகாபாஸ்கல் வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல போனா ஆயுசு மளமளன்னு குறையும்.

டை எப்படித் தாங்குது? உள்ளே அழுத்தம் வந்தா வெடிச்சுப் பிளக்கணுமே? அதுக்குள்ள விடை நம்ம ஊரு வண்டிப் பட்டறையில இருக்கு. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுறதைப் பார்த்தவங்களுக்குப் புரியும். பட்டாவைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதா அடிச்சு, வறட்டி மூட்டத்துல பழுக்கக் காய்ச்சி மாட்டி, தண்ணி ஊத்துவாங்க. சுருங்கி இறுக்கிப் பிடிச்சதும் ஆரக்கால் எல்லாம் நறநறன்னு உள்ளே அமுங்கும். டையைச் சுத்தியும் இதே மாதிரி வளையம் மாட்டுறாங்க, ஒண்ணு இல்லை, சில சமயம் ரெண்டு. டை முன்கூட்டியே உள்பக்கமா அமுங்கி நிக்குறதால, பிதுக்குறப்போ வர்ற அழுத்தத்துல பாதி அந்த அமுக்கத்தைக் கழிக்கிறதுலயே போயிடும்.

சரி, பெரம்பலூருக்கு வருவோம். எங்க மாவட்டம் 1995-ல் திருச்சியிலேருந்து பிரிஞ்சுது. 2001-ல் அரியலூர் எங்ககிட்டேருந்து பிரிஞ்சுது, 2002-ல் திரும்பச் சேர்ந்துது, 2007-ல் மறுபடி பிரிஞ்சுது (கல்யாண வீட்டுல கோவிச்சுக்கிட்டுப் போற மாமா மாதிரி). பெரம்பலூர்ல மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். அரியலூர்ல சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும். உலோக வேலைன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. பின்னாடி நாரணமங்கலத்துல டயர் தொழிற்சாலை வந்துச்சு. டயரோட மேல்பட்டையும் பிதுக்கித்தான் வருது, ஆனா ரப்பர். ரப்பர் ஓட்டையை விட்டு வெளிய வந்ததும் உப்பிக்கும், அதோட கணக்கே வேற.

அதனால ஐடிஐ, பாலிடெக்னிக் முடிச்ச எங்க பக்கத்துப் பசங்க திருச்சி, துவாக்குடி, ஓசூர், அம்பத்தூர், பாடின்னு பெட்டியைத் தூக்கினாங்க. தமிழ்நாட்டுல குளிர்நிலையில உலோகத்தை உருவாக்குற தொழில் வேர் விட்டது அந்த ஊர்கள்லதான். டிவிஎஸ் குடும்பத்துக் கம்பெனியான சுந்தரம் ஃபாஸனர்ஸ் 1966-ல் பாடியில போல்ட், நட்டு செய்ய ஆரம்பிச்சுது. ஒரு போல்ட்டைக் கையில எடுத்துப் பாருங்க. தலை அமுக்கி உருவானது, உடம்பு பிதுக்கி மெலிஞ்சது, மரை உருட்டி வந்தது. சீவி எடுத்தது அநேகமா ஒண்ணும் இருக்காது. 1992-ல் அவங்க ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்து கொடுக்குற ஒப்பந்தத்தைப் பிடிச்சது அப்போ பெரிய பேச்சு. இன்னொரு பக்கம், 1959-ல் மேற்கு ஜெர்மனி உதவியோட தொடங்கின ஐஐடி மெட்ராஸ்ல உலோக உருவாக்கத்துக்குன்னே ஆய்வகம் இருந்துச்சு, குளிர்பிதுக்கல்ல ஆராய்ச்சியும் நடந்துச்சு. பெரிய கம்பெனிக்கு இந்தக் கணக்கெல்லாம் எட்டுச்சு. அதுக்குச் சரக்கு போடுற சின்னப் பட்டறைகளுக்கு? அங்கேதான் எனக்கு வருத்தம்.

தொண்ணூறுகள் பின்பாதியில நான் அப்படி ஒரு சின்னப் பட்டறையில தர ஆய்வுல இருந்தேன். பேர் வேண்டாம், இப்போ அது இல்லை. பிரஸ் ஓட்டுனவர் ஜெயங்கொண்டம் பக்கத்து ஆளு, என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். ஒரு நாள் காலையில பத்துப் பதினஞ்சு பீஸ் ஓட்டிட்டு பிரஸ்ஸை நிறுத்திட்டார்.

"தம்பி, சூப்ரவைசரைக் கூப்பிடுப்பா. இன்னிக்கு சத்தம் வேற மாதிரி வருது."

வந்தவர் ஒரு பீஸைக் கையில எடுத்து உருட்டிப் பார்த்தார். "அளவு சரியாத்தானேண்ணே இருக்கு? சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும், ஓட்டுங்க."

அடுத்த அரை மணி நேரத்துல பஞ்ச் நடுவுல வெடிச்சுது. காவல் கதவு எப்பவும் போல கழட்டித்தான் வெச்சிருந்தாங்க. ஒரு சில்லு அவரோட இடது கண்ணுல. கண்ணு போயிடுச்சு.

அப்புறமா மிச்சத் துண்டுகளை எடுத்துக் கடினத்தன்மை பார்த்தோம். முந்தின மாசம் வந்த சரக்கும் இதுவும் ஒண்ணு இல்லை. கார்பன் கொஞ்சம் கூடுதலான கம்பி, இளக்கவும் இல்லை. அதே ஜான்சன் கணக்குல 600-க்குப் பதிலா 900 போட்டுப் பாருங்க, 1,300 இருந்தது 1,950 ஆயிடும். வெளிய வர்ற பீஸோட அளவு மாறாது, ஏன்னா அளவை முடிவு பண்றது ஓட்டை. பிரஸ்ஸும் முக்காது, அதுக்கு 200 டன் வலு இருக்கு. மாறினது சத்தம் மட்டும்தான், அதை ஒருத்தர் கேட்டும் சொன்னார். ஒரு மடக்கை அட்டவணையும் அஞ்சு நிமிஷமும் போதும், அந்தக் கம்பி பிரஸ்ஸுக்கே போயிருக்காது. அந்தப் பட்டறையில பஞ்ச் அளவுக்கு ஒரு நோட்டு இருந்துச்சு, சரக்கு வரவுக்கு ஒரு நோட்டு இருந்துச்சு. ரெண்டையும் சேர்க்கிற ஒரு வரி எங்கேயும் இல்லை.

இன்னிக்கு நிலைமை வேற. கம்ப்யூட்டர்ல சிமுலேஷன் போட்டா உலோகம் எப்படி நகருது, பஞ்ச்சுல எங்கே பாரம் ஏறுதுன்னு கலர் கலராக் காட்டிடுது. ஆனா அந்த மென்பொருளும் ரெண்டு எண்ணை நம்மகிட்டதான் கேக்கும்: பாய்வு வலிமை எவ்வளவு, உராய்வு எவ்வளவு. தப்பா கொடுத்தா கலரெல்லாம் அழகாத்தான் இருக்கும். முதல் எண்ணுக்கு ஒரு உருளைத் துண்டை அமுக்கிப் பார்த்தா போதும். ரெண்டாவதுக்கு 1960கள்ல மேல், காக்கிராஃப்ட்னு ரெண்டு பேர் பிரபலமாக்கின மோதிரச் சோதனை இருக்கு. வெளிவிட்டம், உள்விட்டம், உயரம் 6:3:2 விகிதத்துல ஒரு வளையம் கடைஞ்சுக்கோங்க. உங்க பாஸ்பேட், உங்க சோப்பு எதுவோ அதையே பூசுங்க. ரெண்டு தட்டைப் பலகைக்கு நடுவுல வெச்சு அமுக்குங்க. வழுக்கு நல்லா இருந்தா நடு ஓட்டை பெருசாகும். உராய்வு அதிகம்னா ஓட்டை சுருங்கும். எவ்வளவு சுருங்கிச்சுன்னு வெர்னியர்ல அளந்து, அச்சடிச்ச வரைபடத்துல வெச்சா உராய்வு எண் கிடைச்சுடும். பாரம் அளக்குற மீட்டர்கூட வேண்டாம். ஒரு லேத்தும் ஒரு பிரஸ்ஸும் இருக்குற எந்தப் பட்டறையிலயும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சுடலாம்.